பதினேழாம் இலக்க இரத்தம்

இங்கே காலையில் வேலைக்குப் போனால் என்னிடம் கேட்கப்படும் முதற் கேள்வி "வூர் மாங்கெ லேவெர்?" என்பதாகத்தான் இருக்கும். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். கேட்பவர்கள் கையில் கோப்பியோடு கதவடியில் நின்றபடி, மழை எப்போது விடும் என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்கள். நானும் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்காமல் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று சொல்வேன். ஆய்வுக்கு எடுக்கும் உயிரணுக்களில் ஒரு சொட்டு நீலச்சாயம் விட்டுப் பார்ப்பது என் வேலை. செத்த அணு சாயத்தை உள்ளே விட்டு நீலமாகிவிடும். உயிருள்ளது விடாது, வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். எண்ணிச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்த முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்துக் கேட்டவரைப் பார்த்தேன். நோர்வேஜிய மொழியில் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு இல்லை. அணுக்கள் என்றாலும் ஆட்கள் என்றாலும் "லேவெர்" ஒன்றுதான். என் காதில் அது ஆட்களைப் பற்றிக் கேட்டது போலத்தான் விழுந்தது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்கு ஓடினோம். மணல்திட்டில் இறங்கியதும் பெரியம்மா எங்களைக் கையால் தொட்டுத் தொட்டு எண்ணினா. பிறகு பக்கத்து வள்ளக்காரரிடம் போய் இதே கேள்வியைக் கேட்டா. அவர்கள் எண்ணிக்கை சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள்.

அந்த வள்ளத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவ பெரியம்மாவின் மகள் ரெஜினா அக்கா. என்னைவிட ஐந்து வயது மூப்பு. அம்மா அகதி முகாமிலேயே காய்ச்சலில் போய்விட, திரும்பி எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்கு வந்த பிறகு நான் வளர்ந்தது பெரியம்மா வீட்டில்தான். அக்கா பத்தாம் வகுப்போடு நின்று கருவாடு காயவைக்கப் போனா. நான் மன்னார் டவுனில் உள்ள கன்னியர் மடப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உயிரியல் படித்தேன். இரண்டு பேரில் ஒருவரைத்தான் படிப்பிக்க முடியும் என்ற நிலையில் அவ தானாக விலகினா என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். அவ அதை ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் செய்து நோர்வேக்கு வந்து, முதலில் சால்மன் மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்று, மொழி படித்து, மூன்று வருடம் ஆய்வுகூடத் தொழில் படித்து, பெரிய ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் பத்து வருடம் வேலை செய்து, கடைசியில் இந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் ஜூட் பேருந்து ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். புலம்பெயர்ந்தவர்கள் கூடும் இடங்களில் "ஜெசிந்தா புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறா" என்று சொல்லி அறிமுகப்படுத்துவார்கள். நான் திருத்துவதில்லை. அந்தப் பொய் எனக்கும் இனித்தது.

எங்கள் பேராசிரியரின் பெயர் ஹெல்கெ. இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை என்பதுதான் என் கசப்பு. முன்பெல்லாம் இரத்தத்தையோ சதையையோ ஆராய வேண்டுமென்றால் இலட்சக்கணக்கான அணுக்களை ஒன்றாக அரைத்து, அதிலிருந்து ஒரு சராசரியைத்தான் எடுப்பார்கள். இப்போது கட்டைவிரல் அளவுக் கண்ணாடித் தகடு ஒன்றில், ஒவ்வொரு அணுவையும் தனித்தனி எண்ணெய்த் துளிக்குள் பிடிக்கிறோம். ஒவ்வொரு துளிக்கும் ஒரு விலாசம். அந்த அணு அந்த நேரம் தன் மரபணுக்களில் எவற்றை வாசித்துக்கொண்டிருந்தது, அதன் தோலில் எந்தெந்தப் புரதங்கள் இருந்தன என்று இரண்டையும் ஒரே ஓட்டத்தில் படித்துவிடலாம். ஹெல்கெ இதை விளக்கும்போது பழச்சாறு, பழத்துண்டுகள் என்று உவமை சொல்வார். நான் எங்கள் ஆட்களுக்குச் சொன்னபோது, மீன் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் கூழ் என்று சொன்னேன். கூழைக் குடித்துவிட்டு என்னென்ன மீன் போட்டது என்று குத்துமதிப்பாகச் சொல்வது பழைய முறை. சட்டிக்குள் போகும் முன்பே ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பார்த்துப் பெயர் எழுதுவது புதிய முறை. சனங்கள் சிரித்தார்கள், விளங்கிக்கொண்டார்கள். விளங்க வேண்டிய மற்ற விசயத்தை நான் அப்படிச் சொல்லவில்லை.

உலகத்தில் இப்படி அணு அணுவாகப் படிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர். அது பெரிய குறை என்று எல்லோரும் எழுதத் தொடங்கியிருந்த காலம். தெற்காசியக் கரையோரச் சனங்களின் இரத்தம் வேண்டும் என்று ஹெல்கெக்கு ஒரு திட்டம் கிடைத்தது. "நீ வந்த இடம் தீவுதானே?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொழும்பில் ஒரு கூட்டாளி ஆய்வுகூடம் ஒழுங்காயிற்று. சம்மதப் பத்திரத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆறாம் பந்தியில், ஆய்வில் யாருக்கு என்ன தெரியவந்தாலும் அவருக்கு அறிவிக்கப்படாது என்று ஒரு வசனம் இருந்தது. நான் அதை "தனிநபர் பெறுபேறுகள் பங்குபற்றுநருக்கு வழங்கப்படமாட்டா" என்று எழுதினேன். பிழையில்லாத தமிழ். நெறிமுறைக் குழு அதை வாசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது.

மடு மாதாவின் ஆவணித் திருவிழா முடிந்த கிழமை ஊருக்குப் போனோம். கோயில் மண்டபத்தைத் தந்தார்கள். ஆட்களைச் சேர்த்தது ரெஜினா அக்கா. கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு அவதான் தலைவி. அவ சொன்னால் மறுபேச்சில்லை. "நீ ஒண்டுக்கும் யோசியாதை, நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றா. வந்தார்கள். வீட்டிலிருந்து ஐஸ் கட்டியும் கொண்டுவந்தார்கள், மீன் ஏற்றுகிற ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டியில். இரத்தத்துக்கு ஐஸ் போடக் கூடாது, கடுங்குளிர் பட்டால் அணுக்கள் கெட்டுவிடும், மண்டபத்து வெயிலும் படக் கூடாது, நடுத்தரமான குளிரில் கொழும்பு வரை போக வேண்டும் என்று நான் விளக்கினேன். அக்காவின் புருசன் அந்தோனி அத்தான் கேட்டார்: "மீனுக்கு ஐஸ் போடாட்டிப் பழுது, மனிசன்ர இரத்தத்துக்குப் போட்டாப் பழுதோ? உங்கட படிப்பு ஒரு தினுசான படிப்புத்தான்." மண்டபமே சிரித்தது. பிறகு நான் சம்மதப் பத்திரத்தை வாசித்தேன், ஆறாம் பந்தி உட்பட, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். எல்லோரும் வாசகம் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் பிலோமினா என்ற ஒரு பெண் எழும்பி, "அப்ப ரிப்போட் எப்ப வரும், தங்கச்சி?" என்றா. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. "இது ஆராய்ச்சி அக்கா, காலம் எடுக்கும்" என்றேன். "உங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டம், கண்டாலும் சொல்லமாட்டம்" என்று எங்கள் பேச்சில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள். எனக்கு நாற்பது பேர் தேவையாக இருந்தது.

பதினாறாவதாக வந்த பெரியவர் ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டாலும் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இரண்டு பெண்கள் வாசலடிக்குப் போய்விட்டார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அக்கா வந்து கதிரையில் இருந்து, சட்டைக் கையை மடித்தா. "என்னட்டை எடு. அவையள் பாத்துக்கொண்டிருக்கட்டும்" என்றா. எடுத்தேன். குழாயில் ம-17 என்று எழுதி ஒட்டினேன். பெயர்ப்பட்டியல் கொழும்பில் பூட்டி வைக்கப்படும், எங்களுக்கு இலக்கங்கள் மட்டும்தான் வரும் என்பது ஒழுங்கு. பதினேழை மட்டும் என் தலையிலிருந்து எந்தப் பூட்டாலும் எடுக்க முடியாது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்த தை மாதம் தரவுகள் வந்தன. கூட்ட அறையில் திரையைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு அணுவும் ஒரு புள்ளி. ஒரே மாதிரியான அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நிற்கும். நாற்பது பேரின் அணுக்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்க, ஒரு ஓரத்தில் தனியாக ஒரு கூட்டம் நின்றது. கணினி வேலை செய்யும் பெண் அதைத் தட்டினாள். அவ்வளவும் ஒரே ஆளுடையவை என்று காட்டியது. ம-17. எங்கள் இரத்தத்தில் கிருமிகளை அடையாளம் காணும் ஒருவகை வெள்ளையணு இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பூட்டைச் செய்து தோலில் வைத்திருக்கும். நலமான உடம்பில் ஒன்றின் பூட்டு இன்னொன்றுக்கு இராது. அந்த ஓரத்துக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான அணுக்களும் ஒரே பூட்டை வைத்திருந்தன. அந்த வகை அணுவின் தோலில் சாதாரணமாக இருக்கக் கூடாத ஒரு புரதமும் அவற்றில் இருந்தது. பத்து வருடம் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு அணு கெட்டுப்போய்த் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண், "பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவற்றின் கணக்கைக் கெடுக்கிறது, எடுத்துவிடலாமா?" என்றாள். ஹெல்கெ தலையசைத்தார். எடுத்துவிட்டார்கள். ஒரு விசையைத் தட்ட, திரையில் அந்த இடம் வெறுமையாகியது.

கூட்டம் முடிந்ததும் ஹெல்கெயின் அறைக்குப் போனேன். "அந்தப் பதினேழு என் அக்கா" என்றேன். "மின் ஸோஸ்தெர்" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "உன் சகோதரியா? நெருங்கிய குடும்பத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏன் முன்பே சொல்லவில்லை?"

"கூடப்பிறந்த அக்கா இல்லை. என் அம்மாவின் அக்காவின் மகள்."

"ஓ," என்றார் நிம்மதியாக. "குசீனே. அப்படியென்றால் பிரச்சினை இல்லை."

அவருடைய மொழியில் குசீனே என்றால் ஒன்றுவிட்ட சகோதரி, நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து மடல் அனுப்புகிற உறவு. என்னை வளர்க்கத் தன் படிப்பை விட்டவளுக்கு அங்கே வேறு சொல் கிடையாது. அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாவது சொல்லியிருக்க வேண்டும். பதிலாக, அக்காவுக்கு அறிவிக்க வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். ஹெல்கெ பொறுமையாக விளக்கினார். இது நோய் கண்டறியும் பரிசோதனை அல்ல, ஆய்வு முறை. இயந்திரப் பிழையாகவும் இருக்கலாம். பங்குபற்றியவர் அறிவிக்க வேண்டாம் என்று கையெழுத்திட்டிருக்கிறார். எங்களுக்கு அவர் யாரென்றே தெரியக் கூடாது. ஆனாலும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவதாகச் சொன்னார். அன்றைக்கே எழுதினார். "அதுவரைக்கும் நீ ஒன்றும் சொல்லாதே. சொன்னால் நாற்பது பேரின் நம்பிக்கையையும் உடைத்தவளாவாய்" என்றார்.

குழு விளக்கம் கேட்டது, அனுப்பினோம். குழு கொழும்புக் குழுவைக் கேட்கச் சொன்னது. கொழும்புக் குழு அடுத்த அமர்வில் எடுப்பதாகச் சொன்னது. பிறகு உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்தது. இந்த நாட்டில் அந்தக் கிழமை ஒருவரும் கடிதம் திறப்பதில்லை, எல்லோரும் மலைக்குப் பனிச்சறுக்கப் போய்விடுவார்கள். ஞாயிறுதோறும் நான் அக்காவோடு ரெலிபோனில் கதைத்தேன். மாசியில் களைப்பாக இருக்குது என்றா. பங்குனியில் இராத்திரியில் உடுப்பு நனைய வேர்க்குது என்றா, வெயில்தான் என்றா. சித்திரையில் கழுத்தில் ஒரு கட்டி, நோகவில்லை என்றா. நான் மழை பெய்யுதோ, பிள்ளைகள் சுகமோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூட்டிடம் ஒருநாள் சொன்னேன். அவர், "சொன்னா உன்ர வேலை போகுமோ?" என்று கேட்டார். "போகலாம்" என்றேன். பிறகு இருவரும் வீட்டுக்கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே அதையே நினைத்தோம். என்னைப் பற்றி நான் எழுதக்கூடிய மிகவும் அசிங்கமான வசனம் இது, எழுதிவிட்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, அக்கா கதைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கினா. கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்ததாம், நடுவில் இரண்டு தரம் இருந்து எழும்பினதாம். கோயிலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நாளைக்கே டொக்டரிட்டைப் போங்கோ. இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கோ. கழுத்துக் கட்டியையும் காட்டுங்கோ" என்றேன்.

"ஏனடி, என்னத்துக்கு இப்பிடிப் பதறுறாய்?"

"உங்கட இரத்தத்தில ஒண்டு கண்டனான். வெள்ளையணு பிழையாப் பெருகுது. புற்றுநோயா இருக்கலாம்."

பின்னால் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

"எப்ப கண்டனீ?" என்றா.

"தை மாசம்."

"இப்ப வைகாசி" என்றா. பிறகு மெதுவாக, "சரி, நான் வைக்கிறன். நீங்கள் பிள்ளையளைப் பாருங்கோ" என்றா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னை "நீங்கள்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அறிந்து சொன்னது போதவில்லை. டவுனில் அவ போய்ப் பார்த்த டொக்டர், எந்த ஆய்வுகூடம் சொன்னது, ரிப்போட் எங்கே என்று கேட்டாராம். என்னிடம் அந்த அணுக்களின் ஒவ்வொரு புரதமும் தெரியும். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஹெல்கெயிடம் கடிதம் கேட்க முடியாது, கேட்டால் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும். கடைசியில் என் பெயரில், என் கையெழுத்தில், என் பழைய ஆஸ்பத்திரித் தகுதிகளைப் போட்டு நானே ஒரு கடிதம் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நோர்வேயில இருக்கிற சொந்தக்காரியோ?" என்று சிரித்தாராம். ஆனாலும் இரத்தம் சோதித்தார். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. கழுத்துக் கட்டியிலிருந்து சதைத்துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வர ஆறு கிழமை. ஒரு துளிக்குள் ஒரு அணுவைப் பிடித்து இரண்டு நாளில் வாசித்து முடிக்கிற இயந்திரத்துக்கு முன்னால் நான் தினமும் வேலை செய்துகொண்டு, அந்த ஆறு கிழமையும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. கொழும்புக்கு அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அத்தான் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு அவவோடு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார்.

நான் சொன்னது வெளியில் தெரியவந்தது என் கடிதத்தாலேயேதான். அது கைமாறிக் கைமாறிக் கொழும்புக் கூட்டாளி ஆய்வுகூடம் வரை போயிற்று. இங்கே ஒரு அறையில் ஹெல்கெயும், மனிதவள நிர்வாகப் பெண் ஒருத்தியும், தொழிற்சங்கப் பிரதிநிதியும், மேசையில் ஒரு தட்டில் பிஸ்கற்றும் இருக்க விசாரணை நடந்தது. குரல் உயர்த்திப் பேசியவர் ஒருவரும் இல்லை. "நீ செய்தது சரி. செய்த விதம் பிழை" என்றார் ஹெல்கெ. எழுத்தில் ஒரு எச்சரிக்கை. திட்டத்திலிருந்து நீக்கம். வேலை போகவில்லை, நான் அஞ்சி அஞ்சி நாலு மாதம் வாய் மூடியிருந்தேனே, அந்த வேலை போகவேயில்லை. வெளியே வரும்போது ஹெல்கெ என் தோளைத் தொட்டு, "உன் குசீனே எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நெறிமுறைக் குழுவின் பதில் அதற்குப் பிறகு வந்தது. விசேட சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு, பங்குபற்றியவருக்கு அறிவிக்க அனுமதிக்கலாம் என்று அதில் இருந்தது.

இந்த நாட்டில் எழுதியதைக் காப்பாற்றுவார்கள். காப்பாற்றுவதால் ஒருவர் சாகக்கூடும் என்றாலும் காப்பாற்றுவார்கள், பிறகு எழுதியதைத் திருத்துவதற்கு ஒரு குழு போடுவார்கள். எங்கள் ஊரில் எழுதியதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அரசாங்கக் கந்தோர்களிலும் ஆமிக் காவலரண்களிலும் எத்தனை கடதாசிகளில் கையெழுத்து வைத்துவிட்டோம். அங்கே முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்குத்தான் பெறுமதி. நான் எழுதியது ஒன்று, முகத்தைப் பார்த்துச் சொன்னது வேறொன்று. இரண்டு நாட்டுக்கும் இடையில் பாலமாக இருப்பதாக என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேல் ஏறிப்போனது இரத்தம் மட்டும்தான். திரும்பி ஒன்றும் வரவில்லை.

மருந்து ஏற்றல் முடிந்த பிறகு தனியாக ஊருக்குப் போனேன். அந்தோனி அத்தான் படலையைத் திறந்து, "வாங்கோ ஜெசி" என்றார். வழக்கமாக நான் பின்பக்கத்தால் குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பேன். அன்றைக்கு முன் விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. அக்கா தலையைத் துணியால் மூடியிருந்தா. தோள் எலும்பு தெரிந்தது. "இருங்கோ" என்றா. மகள் ஒரு தட்டத்தில் சோடா கொண்டுவந்து வைத்தாள், கண்ணாடிக் கிளாசில், கீழே ஒரு சிறு துணி விரித்து. அந்த வீட்டில் கிளாசுக்குக் கீழே துணி விரிப்பது பங்குத்தந்தைக்கும் கிராமசேவகருக்கும்தான்.

"பிரயாணம் சுகமோ?" என்றா அக்கா.

"அக்கா, என்னோட கோபமோ?"

"இல்லை. நீங்கள் சொல்லாட்டி நான் இப்பவும் வெயிலுக்குள்ள நிண்டிருப்பன். அதுக்கு நன்றியாத்தான் இருக்கிறன்." சோடாவை என் பக்கம் தள்ளினா. "எண்டாலும் ஞாயிறு ஞாயிறு கதைச்சனாங்கள்தானே. கழுத்தில கட்டி எண்டு நான் சொல்லேக்க, அங்க மழை பெய்யுதோ எண்டு கேட்டனீங்கள். அதை நான் கனதரம் நினைச்சுப் பாத்தன். எப்பிடிக் கேட்டனீங்கள் எண்டு."

"நீ எண்டு கூப்பிடுங்கோ அக்கா" என்றேன்.

"வாயில வருகுதில்லை" என்றா. கோபமில்லாமல், உண்மையில் முயன்று பார்த்தவ போலச் சொன்னா.

நான் வந்திருப்பதை அறிந்து பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். மண்டபத்தில் வரிசையில் நின்ற அதே முகங்கள். பிலோமினாதான் பேசினா. "ரெஜினாக்குச் சொன்னனீங்கள். நல்லது. எங்கட இரத்தத்தில என்ன கண்டனீங்கள்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "உங்கட இலக்கங்கள் எனக்கு நினைவில்லை. இப்ப அதைப் பாக்கவும் விடமாட்டினம்."

"அப்ப சொந்தக்காரருக்கு மட்டும்தான்."

"அப்பிடி இல்லை அக்கா. திரையில வேற ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லை."

"தெரியேல்லையோ, சொல்லேலாதோ?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அவ நம்பக் காரணமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பிலோமினா தன் முழங்கை மடிப்பில் ஊசி ஏறின இடத்தைப் பெருவிரலால் தடவியபடி போய்விட்டா. மற்றவர்களும் போனார்கள். ரெஜினா அக்கா விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. அவர்களை மண்டபத்துக்குக் கூட்டிவந்தவ அவ. எனக்காக ஒரு வார்த்தை அவ சொல்லவில்லை. சொல்வா என்று எதிர்பார்த்த என்னை நானே வெறுத்தேன். அடுத்த கிழமை சங்கத் தலைமையை விட்டுவிட்டா என்று பிறகு கேள்விப்பட்டேன். நோயால் என்று சொன்னாவாம்.

கட்டுரை இந்த வருடம் வெளிவந்தது. நல்ல இதழ். ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திட்டத்திலிருந்து நீக்கப்பட்டவள் என்றாலும் நன்றி கூறும் வரிகளில் என் பெயரும் இருந்தது, ஊர்ச் சனங்களுக்கு நன்றி என்ற வரிக்குப் பிறகு. கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது, ஒருவரும் வாசிக்காத பக்கம். ஆய்விலிருந்து விலக்கப்பட்ட மாதிரிகள் என்று தலைப்பு. மொத்தம் இரண்டே மாதிரிகள். முதலாவது ம-17, காரணம்: இயல்புக்கு மாறான அணுத்தொகுதி. இரண்டாவது என்னுடையது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஆளின் இரத்தம் சேர்ப்பது வழக்கம். கைக்கெட்டிய தூரத்தில் நின்றவள் நான் என்பதால் என் கையிலிருந்துதான் எடுத்தார்கள். மன்னார்க்காரரின் புள்ளிகளும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்த நோர்வேக்காரரின் புள்ளிகளும் கொஞ்சம் விலகி விலகி நிற்க, என் அணுக்கள் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகக் கிடந்தனவாம். இருபது வருடச் சாப்பாடும் குளிரும் தடிமன் காய்ச்சலும் என்று கணினிப் பெண் சொன்னாள். என் இலக்கத்துக்கு நேரே காரணம் போட்டிருந்தது: இரு குழுக்களில் எதனுள்ளும் சேர்க்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். மேல் வரியில் அக்கா. கீழ் வரியில் நான். நடுவில் ஒரு மெல்லிய கோடு.